கவாஷிமாவை இரண்டு கோல்களை வைத்து எடை போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜப்பான் கோல்கீப்பர் எய்ஜி கவாஷிமா பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை, 2018 ரஷ்ய உலகக் கோப்பையில் அவர் விட்ட இரண்டு கோல்களோடு முடிந்துவிட்டது. அந்தக் கோல்களை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவற்றின் காரணங்கள் வேறு வேறு.

கொலம்பியாவுக்கு எதிராகக் குயின்டெரோ அடித்த ஃப்ரீ கிக்கில், பந்தை மறிக்க வரிசையாக நின்ற ஜப்பான் வீரர்களின் 'சுவர்' மொத்தமாக எகிறியது. பந்து அவர்கள் காலடியில் தரையோடு போனது. சுவருக்குப் பின்னால் நிற்கும் கோல்கீப்பருக்கு அப்படி வரும் பந்து கடைசி நொடியில்தான் கண்ணில் படும். கவாஷிமா பாய்ந்து பிடித்தார், ஆனால் கோட்டுக்கு உள்ளே. சுவருக்குப் பின்னால் ஒருவரைப் படுக்க வைக்கும் பழக்கம் பரவியதே அதற்குப் பிறகுதான். இதில் பாதிப் பழி சுவருக்கும் உண்டு.

செனகல் ஆட்டத்தில் நடந்தது முழுக்க அவருடைய தவறு. சபாலி அடித்த பந்து நேராக அவரிடமே வந்தது. அதைப் பிடிக்க வேண்டும். முடியாதென்று தோன்றினால் உள்ளங்கையால் பக்கவாட்டில் தள்ள வேண்டும். இரண்டு முஷ்டியாலும் முன்னால் குத்தினால் பந்து கூட்டத்துக்கு நடுவில்தான் விழும். அங்கே செனகலின் மானே நின்றார். அவர் மேல் பட்டு வலைக்குள் போனது.

நான்கே நாள் கழித்து வோல்கோகிராடில் போலந்துடன் ஆட்டம். அன்று கவாஷிமாவே கேப்டன். முதல் பாதியில் க்ரோசிட்ஸ்கி தலையால் முட்டிய பந்தைப் பக்கவாட்டில் பாய்ந்து, கோட்டின் மேலேயே ஒரு கையால் வெளியே தள்ளினார். பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டவில்லை. ஜப்பான் 0-1 என்று தோற்றது. பிரிவு ஆட்டங்களின் முடிவில் செனகலும் ஜப்பானும் புள்ளியில் சமம், கோல் வித்தியாசத்தில் சமம், அடித்த கோலிலும் சமம். மஞ்சள் அட்டை குறைவு என்பதால் ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது. இன்னும் ஒரே ஒரு கோல் வாங்கியிருந்தால் மஞ்சள் அட்டையை எண்ணும் பேச்சே வந்திருக்காது. கட்டுரையில் இந்த ஆட்டம் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை.

அவருடைய பாதையும் நேரானதல்ல. ஜப்பானின் நகோயா கிளப்பில் 2004 முதல் மூன்று ஆண்டுகள், அங்கே முதல் கோல்கீப்பராக இருந்த நராசாகியின் நிழலில் இருந்தவர். தேசிய அணியில் அதே நராசாகியின் இடத்தை 2010 உலகக் கோப்பைக்குச் சற்று முன்புதான் பிடித்தார். மே 30 அன்று ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இங்கிலாந்தின் லாம்பார்டின் பெனால்டியைத் தடுத்தது அதற்குக் கைகொடுத்தது. 2011 ஆசியக் கோப்பையில் சிரியாவுடன் சிவப்பு அட்டை வாங்கினார்; ஆனால் அரையிறுதி பெனால்டி ஷூட் அவுட்டில் தென் கொரியாவின் முதல் இரண்டு உதைகளையும் அவரே தடுத்தார். கோப்பை ஜப்பானுக்கு வந்தது.

ஐரோப்பாவில் ஆசிய கோல்கீப்பருக்கு இடம் கிடைப்பது ஏன் கடினம் என்பதையும் எழுதியிருக்கலாம். முன்கள வீரர் நாலு வார்த்தை தெரிந்தாலே சமாளிப்பார். கோல்கீப்பர் தொண்ணூறு நிமிடமும் கத்த வேண்டும்: யார் ஆளைப் பிடிப்பது, சுவரில் எத்தனை பேர், பக்கவாட்டிலிருந்து கோல் முன்னால் தூக்கி அடிக்கும் 'கிராஸ்' பந்துக்கு யார் போவது. அரை நொடி தயங்கினால் இரண்டு பேர் ஒரே பந்துக்குப் போவார்கள், அல்லது ஒருவரும் போகமாட்டார். லியர்ஸ், ஸ்டாண்டர்ட் லியேஜ், டண்டீ யுனைடெட், மெட்ஸ், ஸ்ட்ராஸ்பூர் என்று மூன்று நாடுகளில் ஆடிய கவாஷிமா பல மொழிகளைக் கற்றது இந்தத் தேவையால்தான்.

மெட்ஸில் மூன்றாவது கோல்கீப்பராகச் சேர்ந்து முதல் இடத்துக்கு வந்தார். ஸ்ட்ராஸ்பூரில் மறுபடி பெஞ்ச். ஆட்டமே கிடைக்காத கோல்கீப்பருக்கு முதலில் மழுங்குவது கை அல்ல, கிராஸுக்கு எப்போது வெளியே வருவது என்ற கணிப்பு. அதைப் பயிற்சியில் மட்டும் காப்பாற்றுவது கடினம். 2020-ல் அங்கே முதல் கோல்கீப்பரான மாட்ஸ் செல்ஸ் குதிகால் தசைநார் அறுந்து வெளியேறியபோது, 37 வயதில் உள்ளே வந்து அந்த சீசனின் பெரும்பகுதியை ஆடினார். 95 சர்வதேச ஆட்டங்கள், நான்கு உலகக் கோப்பை அணிகள். 40 வயதில் ஜூபிலோ இவாட்டாவில் சேர்ந்து தாய்நாட்டு லீக்குக்குத் திரும்பினார்.

– கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்