ஐஸ் ஹாக்கி: சிறுவர்களுக்குச் சிறிய களமே ஏற்றது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025ஆம் ஆண்டு ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பை ஐஸ் ஹாக்கிப் போட்டியில், பெரும்பாலும் லடாக் பெண்களைக் கொண்ட இந்திய அணி வெண்கலம் வென்றபின், எங்கள் மயூர் விகார் குடியிருப்பில் இரண்டு குடும்பத்தார் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பத் தொடங்கினோம். ஏழு வயதுப் பேத்தியை ஞாயிறுதோறும் அழைத்துச் செல்வது என் பொறுப்பு.

அங்கே நான் காண்பது மனநிறைவு தருவதாக இல்லை. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளை ஒன்றாக இறக்கி, முழுப் பனித்தளத்திலும் ஆட்டம் நடத்துகிறார்கள். பெரிய பையன்கள் இருவர் வட்டை (இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலான ரப்பர் வில்லை) மட்டையால் தள்ளிக்கொண்டு போக, மற்றவர்கள் தடுப்புச் சுவரோரம் குளிரில் நடுங்கி நிற்கிறார்கள். கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவனுக்கு எண்ணும் பழக்கம் போகாது: சென்ற வாரம் ஒரு மணி நேரத்தில் என் பேத்தியின் மட்டை வட்டைத் தொட்டது இரண்டே முறை.

பன்னாட்டு அளவுப்படி 60 மீட்டர் நீளமுள்ள களம் வளர்ந்தவர்களின் கால்வீச்சுக்கு அமைந்தது. அமெரிக்க ஹாக்கிச் சங்கம் 2009இல் வகுத்த பயிற்சித் திட்டத்தில், எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் களத்தைக் குறுக்கே பிரித்து, அகலவாட்டில் ஆட விடுகிறார்கள். சிறிய இடத்தில் வட்டு அடிக்கடி காலடிக்கு வரும். திரும்பவும், நிற்கவும், தலை நிமிர்ந்து தோழியைத் தேடவும் குழந்தை தானே பழகிக்கொள்ளும். வட்டும் 170 கிராம் எடையுள்ள வழக்கமான கறுப்பு ரப்பர் அல்ல, சுமார் 113 கிராம் எடையுள்ள நீல வட்டு. கனமான வட்டைத் தள்ள முழு உடம்பையும் வளைக்கும் குழந்தைக்கு மணிக்கட்டின் வேலை எப்படிப் பிடிபடும்? மட்டையும் அப்படித்தான்: சறுக்குக் காலணி அணிந்து நிற்கையில் அது ஏறத்தாழ மோவாய் உயரம் இருந்தால் போதும், அண்ணனின் மட்டை தங்கைக்கு ஆகாது.

அதைவிட முக்கியம் சறுக்கு. விழுந்து எழுவது, காலணித் தகட்டின் உள்விளிம்பை அழுத்தி நிற்பது, வெளிவிளிம்பில் சாய்ந்து வளைவது ஆகியவற்றை ஓடிப்பிடித்து விளையாட்டிலேயே கற்றுக்கொடுத்துவிடலாம். மாறாக, கோல் வலையை நோக்கி ஒரே ஓர் அடி அடிக்கக் கால் மணி நேரம் வரிசையில் நிறுத்துகிறார்கள். போதாக்குறைக்கு, "இடித்துப் பறி" என்ற கூச்சல் வேறு. உடலால் இடிக்கும் ஆட்டத்தைப் பன்னிரண்டு வயதுவரை வேண்டாம் என்று அமெரிக்கர்களே 2011இல் விலக்கிவிட்டார்கள்.

நம் ஊரில் பெரிய தளம் இல்லையே என்று பெற்றோர் பலர் ஏங்குவதைக் கேட்கிறேன். இந்த வயதுக்கு அது குறையே அன்று. எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தளத்தின் மூன்றில் ஒரு பங்கைப் பஞ்சு மெத்தைகளால் தடுத்துத் தனி நேரம் ஒதுக்குமாறும், பத்து இலகு வட்டுகளாவது வாங்கி வைக்குமாறும் தலைநகர் வட்டாரப் பயிற்சி நடத்துநர்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா,
மயூர் விகார், தில்லி