கிளாஸ்கோவில் கரோனர் கிடையாது

ஸ்காட்லாந்தைக் களமாக வைத்துச் சரித்திரக் கொலைக்கதை எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம்.

நான் வக்கீல் குமாஸ்தாவாக முப்பது வருஷம் கேஸ் கட்டு சுமந்தவன். ஓய்வுக்குப் பிறகு துப்பறியும் கதைதான் பொழுதுபோக்கு. போன மாதம் ஒரு நாவல் எடுத்தேன். 1850-களின் எடின்பரோ. இரண்டாவது அத்தியாயத்திலேயே பிணம் விழுந்துவிட்டது, நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்றாவதில் கரோனர் (இங்கிலாந்தில் சந்தேகச் சாவை விசாரிக்கும் அதிகாரி) ஒருவர் வந்து விசாரணை நடத்தினார். புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஸ்காட்லாந்தில் 1850-களிலும் கரோனர் இல்லை, இன்றும் இல்லை. சாவில் சந்தேகம் என்றால் புரோகியூரேட்டர் ஃபிஸ்கல் என்ற அரசு வழக்கறிஞர்தான் விசாரிப்பார், அதுவும் சாட்சிகளைத் தனித்தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு. உங்கள் நாவலில் ஜூரிகள் பன்னிரண்டு பேர். அங்கே பதினைந்து பேர்.

சில்லறைத் தப்புதானே என்பீர்கள். கதையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் ஒரே சாட்சியை நம்பி யாரையும் தண்டிக்க முடியாது. குற்றவாளியே ஒப்புக்கொண்டாலும் அதற்குத் துணையாக வேறொரு சான்று வேண்டும். துப்பறிகிறவர் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து "நீதான்" என்று விரல் நீட்ட, கொலைகாரன் குலுங்கி அழுகிற காட்சி லண்டனில் செல்லுபடியாகலாம். எடின்பரோவில் ஃபிஸ்கல் அதைக் கேட்டுவிட்டு, "சரி, இரண்டாவது சான்று எங்கே?" என்பார்.

இவ்வளவு கண்டிப்பான சட்டம் நியாயத்தையும் காப்பாற்றியது என்று நான் சொல்ல வரவில்லை. 1752 மே மாதம் ஆப்பின் பகுதியில், லெட்டர்மோர் காட்டில், காலின் கேம்பெல் சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட ஆலன் பிரெக் ஸ்டூவர்ட் அகப்படவில்லை. உடந்தை என்று பிடிபட்டவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். இன்வெரரியில் விசாரணை. தலைமை நீதிபதி ஆர்கைல் பிரபு, கேம்பெல் குலத்தின் தலைவரேதான். பதினைந்து ஜூரிகளில் பதினொரு பேர் கேம்பெல்கள். நவம்பரில் ஜேம்ஸைத் தூக்கிலிட்டு, உடலை இறக்காமல் பல்லஹூலிஷில் தொங்கவிட்டுக் காவலும் போட்டார்கள். சுட்டது யார் என்று இன்றைக்கும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த பதினொரு பேர்தான் கண்ணில் நிற்கிறார்கள்.

பதினைந்தில் எட்டுப் பேர் கை தூக்கினால் போதும் என்பதும் அந்தக் காலத்தில் அந்தச் சட்டமாகத்தான் இருந்தது. 1909-இல் கிளாஸ்கோ மூதாட்டி மரியன் கில்கிறிஸ்ட் கொலைவழக்கில் ஆஸ்கர் ஸ்லேட்டருக்கு எதிராக ஒன்பது வாக்கு. மற்ற ஆறு பேரில் ஐந்து பேர் "நிரூபணமாகவில்லை" என்றார்கள், ஒருவர் "குற்றவாளி அல்ல" என்றார். தூக்குக்கு இரண்டு நாள் முன்பு ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். பதினெட்டு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தார். தண்டனை ரத்தானது 1928-இல்.

(போகிறபோக்கில் ஒன்று: எடின்பரோவில் பிணம் விற்ற பர்க்கும் ஹேரும் கல்லறை தோண்டியவர்கள் அல்லர். 1828-இல் பதினாறு பேரைக் கொன்று உடற்கூறு வகுப்புக்கு விற்றவர்கள். அவர்கள் கையில் இன்னும் மண்வெட்டி கொடுக்காதீர்கள்.)

அந்த "நிரூபணமாகவில்லை" இருக்கிறதே, அது ஸ்காட்லாந்துக்கே உரிய மூன்றாவது தீர்ப்பாக இருந்தது. ஆள் விடுதலை, ஆனால் ஊர் வாய் மூடாது. அதை ஒழிக்கும் சட்டம் 2025-இல் நிறைவேறிவிட்டது. இனி அது உங்கள் சொத்து. எப்படி எழுதலாம் என்றால் மேடலின் ஸ்மித் வழக்கைப் பாருங்கள்.

கிளாஸ்கோ, பிளைத்ஸ்வுட் சதுக்கம், 1857. கட்டடக் கலைஞரின் மகள் மேடலின். காதலன் எமில் லாஞ்சலியே, சாதாரண குமாஸ்தா. (நம் ஜாதி.) வீட்டில் அவளுக்கு வசதியான வேறொருவரை நிச்சயம் செய்ய, அவள் தன் கடிதங்களைத் திருப்பிக் கேட்டாள். அவன் தரவில்லை, அப்பாவிடம் காட்டுவேன் என்றான். மார்ச் 23 காலையில் செத்துப்போனான். வயிற்றில் வெள்ளைப் பாஷாணம் (ஆர்சனிக்).

அவள் பாஷாணம் வாங்கியது மருந்துக்கடைப் பதிவேட்டில் அவள் கையெழுத்தோடேயே இருந்தது. 1851-ஆம் வருஷச் சட்டப்படி சில்லறையில் விற்கும் பாஷாணத்தில் புகைக்கரியோ அவுரி நீலமோ கலந்திருக்க வேண்டும், வாங்குகிறவர் கையெழுத்தும் போட வேண்டும். ஒரு கடையில் கரி கலந்தது வாங்கினாள், இன்னொன்றில் நீலம் கலந்தது. கடையில் எலிக்கு என்றாள். பிடிபட்டபின் முகம் கழுவ என்றாள். கூண்டில் ஏறிச் சொல்ல முடியாது, அந்தக் காலத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் தனக்காகச் சாட்சி சொல்ல அனுமதியில்லை.

என் போன்றவனுக்கு வயிறு எரிவது கடிதக் கட்டைப் பற்றிப் படிக்கும்போதுதான். மேடலின் பெரும்பாலும் தேதி போடமாட்டாள். தேதியைச் சொல்வது உறைமேல் விழுந்த தபால் முத்திரை ஒன்றுதான். எந்தக் கடிதம் எந்த உறையில் இருந்தது என்பதை ஒழுங்காகக் குறித்துவைக்காமல் கையாண்டிருந்தார்கள். மேடலின் தரப்பு வக்கீல் ஜான் இங்கிலிஸ் அதை விடுவாரா? செத்தவனின் நாட்குறிப்பும் இருந்தது. மூன்று நீதிபதிகளில் இருவர் அதை ஏற்கவில்லை.

மார்ச் 22 இரவு அவன் வெளிச்சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினான். மணி ஒன்பது. இரண்டரைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தான் தங்கியிருந்த வீட்டு வாசலில் நின்றான். இடையில் அவனையும் அவளையும் சேர்த்துப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. கொலைக்குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. மேடலின் 1928 வரை இருந்தாள், அமெரிக்காவில் இறந்தாள்.

கதை எழுத உட்காருகிற எல்லாருக்கும் அந்த ஐந்தரை மணி நேரத்தை நிரப்பக் கை துறுதுறுக்கிறது. பாஷாணம் கலந்த கோகோ கிண்ணம், அவள் வீட்டுத் தரைக்கடி அறையின் ஜன்னல் கம்பி, உள்ளே நீளும் கை என்று ஜோடித்துவிடுகிறீர்கள். யாராவது ஒருவர் அதைக் காலியாகவே விட்டு, ஃபிஸ்கலின் மேஜையில் உறை ஒரு பக்கம், கடிதம் ஒரு பக்கம் என்று கிடப்பதிலிருந்து எழுதுங்கள். நூலகத்தில் காத்திருக்கமாட்டேன், காசு கொடுத்தே வாங்குகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய குமாஸ்தா