கோல் கணக்கில் அடங்காத ஆட்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வளைகுடா கால்பந்து பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கத்தார் என்றதும் அதன் முன்கள வீரர்கள் அல்மோயஸ் அலியும் அக்ரம் அஃபிஃபும் முதலில் வருவது சரிதான். ஆனால் பூஅலாம் கூகிக்கு ஒரு வரிகூட இல்லையே! அல்ஜீரியாவில் பிறந்த அவர், தோஹாவின் அல் அரபி கிளப்பில் கோல் அடிக்கும் வீரராகத்தான் பெயர் வாங்கினார். 2014 வளைகுடாக் கோப்பை இறுதியில், ரியாத்திலேயே சவூதி அரேபியாவைக் கத்தார் 2-1 என வீழ்த்திய வெற்றி கோல் அவருடையது. அதே ஆள் 2019 ஆசியக் கோப்பையில் தடுப்பாட்டத்தின் நடுவில் நின்றார். அப்படியும் அரையிறுதியில் அமீரகத்துக்கு எதிரான முதல் கோலை அவர்தான் அடித்தார். குடிமக்கள் சில லட்சமே உள்ள நாட்டுக்கு, இரண்டு மூன்று இடங்களில் ஆடத் தெரிந்த ஒருவர் எவ்வளவு பெரிய வசதி!

தோஹாவில் வேலை பார்த்தபோது, கூகி பின்னர் சேர்ந்த அல் சத் கிளப்பின் ஆட்டங்களுக்குப் போவதுண்டு. கார்னர் என்றால் கூகி கோல் முகத்துக்கு ஓடுவார். பந்து பறிபோனதும், பக்கத்தில் ஆடுபவரைக் கைகாட்டி நகர்த்தியபடியே தன் இடத்துக்குத் திரும்பிவிடுவார். டிவியில் இதில் பாதி தெரியாது. வீரர்களைப் பற்றி எழுதும்போது கோல் எண்ணிக்கையோடு, எந்தெந்த இடங்களில் ஆடியவர் என்பதையும் ஒரு பெட்டிச் செய்தியாகத் தரலாம். எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லோருக்கும் ஸ்ட்ரைக்கர் ஆக மட்டுமே ஆசை, அவர்களும் படிக்கட்டும்.

— ஒரு வாசகர், தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்