பெண்கள் கையில் ஒரு மருந்து எப்போது வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காசிமேடு, வியாசர்பாடி பக்கம் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பால்வினை நோய்களைப் பற்றிப் பேசுவது என் வேலை. உங்கள் மருத்துவப் பக்கத்தில் சர்க்கரை, பிரஷர், முடி கொட்டுவது எல்லாம் வருகிறது, இந்தப் பேச்சு மட்டும் எய்ட்ஸ் தினத்தன்று தலைகாட்டிவிட்டுப் போய்விடுகிறது.

மீன் விற்கும் ஒரு அக்கா, கவரில் நாலு சுற்று சுற்றிக் கூடைக்கு அடியில் வைத்திருந்த களிம்பு டியூபை எடுத்துக் காட்டி, “இத உள்ள தடவிக்கினா அவராண்டயிருந்து எதுவும் ஒட்டாதுல்லமா?” என்று கேட்டார். படைக்குப் போடுகிற களிம்பு அது. அரிப்பு என்று சொன்னதற்கு மெடிக்கல் ஷாப்பில் கொடுத்திருக்கிறார்கள். வேறு சிலர் சோப்பு போட்டு, கிருமிநாசினி கலந்த தண்ணீர் விட்டு, எலுமிச்சைச் சாறு ஊற்றிக்கூட உள்ளே கழுவுகிறார்கள். தயவுசெய்து இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: இவை எதுவும் நோயைத் தடுக்காது, உள்தோலைப் புண்ணாக்கி நோய்க்கு வழிதான் விடும்.

இது என் யூகம் இல்லை. நானாக்ஸினால்-9 என்று ஒரு மருந்து, விந்தணுவைக் கொல்வதற்காகக் கருத்தடை ஜெல்களில் சேர்ப்பது, சோப்பு மாதிரி வேலை செய்வது. சோதனைக் குழாயில் எச்.ஐ.வி. கிருமியையும் கொன்றதால் பெரிய நம்பிக்கை இருந்தது. ஆப்பிரிக்க நாடுகளிலும் தாய்லாந்திலும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்குத் தொற்று குறையவில்லை, கூடியது. 2000-ல் அந்த முடிவு வெளியானது. கிருமியைக் கொல்வது உடம்பின் மென்மையான தோலையும் அரிக்கும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது, ஆனால் நம் தெருவுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

அப்புறம் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் செல்லுலோஸ் சல்ஃபேட் என்ற ஜெல் வந்தது. அந்தச் சோதனையில் நம் சென்னைப் பெண்களும் சேர்ந்திருந்தார்கள். பலன் இல்லை, ஆபத்து கூடலாம் என்ற சந்தேகத்தில் 2007 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். 2010-ல் தென்னாப்பிரிக்காவில் டெனோஃபோவிர் ஜெல் எச்.ஐ.வி. தொற்றை 39 சதவீதம் குறைத்தது என்றதும் உலகமே கொண்டாடியது. 2015-ல் இன்னும் பெரிய ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதில் சேர்ந்த பலர் பெற்றோர் வீட்டில் இருந்த இளம்பெண்கள், ஒவ்வொரு முறையும் மறக்காமல் ஜெல்லைப் போட அவர்களால் முடியவில்லை. எனக்கு அது நன்றாகப் புரிகிறது. ஒரே அறையில் மாமியார், நாத்தனார், பிள்ளைகள் எல்லோரும் படுக்கிற வீட்டில், பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்கிற பெண், டியூபை எங்கே ஒளித்துவைப்பாள், எப்போது எடுத்துப் போடுவாள்?

ஆணுறை போடச் சொல் என்று நாங்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சொன்னால் “ஏன், நீ எங்க போய்ட்டு வந்த?” என்று அடி விழுகிறது. அதனால்தான் புருஷனைக் கேட்காமல் பெண்ணே பயன்படுத்தக்கூடிய ஒன்று வேண்டும் என்கிறேன். பெண்ணுறுப்புக்குள் வைத்து மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளும், டாபிவிரின் என்ற மருந்து கொண்ட வளையத்தை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. ஆய்வுகளில் தொற்றைக் குறைத்தது சுமார் 30 சதவீதம்தான், அதுவும் எச்.ஐ.வி.யை மட்டும், கிரந்தி, வெட்டை போன்ற மற்ற பால்வினை நோய்களைத் தடுக்காது. ஆனாலும் ஒன்றுமே இல்லாதவளுக்கு அது பெரிது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனாகாபவிர் ஊசியை 2025-ல் பரிந்துரைத்தார்கள், அது இன்னும் நல்ல பலன் தருகிறது. நம் நாட்டு கம்பெனிகளே அதைத் தயாரிக்க உரிமம் வாங்கியிருக்கின்றன. அப்படியிருக்க வடசென்னை அரசு மருத்துவமனைகளில் இவை எப்போது இலவசமாகக் கிடைக்கும் என்று சுகாதாரத் துறையிடம் உங்கள் நிருபர்கள் கேட்டு எழுத வேண்டும்.

அதுவரை, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், புண், அடிவயிற்று வலி இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் களிம்பு கேட்காமல் அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை தரும் சுகவாழ்வு மையத்துக்குப் போகச் சொல்லுங்கள். சிகிச்சை இலவசம், கணவரும் சேர்ந்து எடுக்க வேண்டியிருக்கும். போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 1097-க்குப் போன் செய்யலாம், காசு கிடையாது. அந்த எண்ணை வாரம் ஒருமுறையாவது உங்கள் மருத்துவப் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை