படிப்பகச் சர்வருக்கு டிஸ்க் வாங்க உதவுங்கள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், வெளியூரில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் படிப்பகக் குழுவின் வணக்கம்.

சென்னிமலை, காங்கேயம், கொடுமுடி பக்கத்தில் உடுக்கடிப் பாட்டும் கும்மிப் பாட்டும் பாடிய பெரியவர்களின் குரலைப் பதிவு செய்து வைத்திருக்கிறோம். அவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை. அந்தப் பாட்டெல்லாம் இப்போது ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. அது போய்விட்டால் யாரிடம் போய் மறுபடி பாடச் சொல்வது?

அவற்றைப் பத்திரமாக வைக்கத்தான் படிப்பகத்துக்குச் சர்வர், அதாவது பதிவுகளைச் சேமித்து வைக்கும் கணினி. அதன் மென்பொருளுக்குப் பணம் வேண்டாம். டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மேல் ஓடும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே சர்வருக்குள் பாட்டுப் பதிவுகளுக்கு ஒன்று, நூலகப் பட்டியலுக்கு ஒன்று, பிள்ளைகள் லினக்ஸ் பழக ஒன்று எனத் தனித்தனி மெய்நிகர் கணினிகளை (ஒரே கணினிக்குள் தனிக் கணினி போலவே இயங்குபவை) அதில் ஓட்டலாம். பிள்ளைகள் தைரியமாக எதையும் செய்து பார்க்கட்டும். கெட்டுப்போனால் முந்தைய நிலைக்குத் திருப்பிவிடுவோம். பதிவுகளுக்கு ஒன்றும் ஆகாது.

செலவெல்லாம் டிஸ்க்கில்தான். 4 டெராபைட் டிஸ்க் நாலு வாங்க வேண்டும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தகவல் போகாதபடி வைக்கும் முறைகளுக்கு ரெய்டு என்று பெயர். அதில் ரெய்டு 5 முறையில் போட்டால் 12 டெராபைட் இடம் கிடைக்கும், ஆனால் ஒரு டிஸ்க் போவதை மட்டுமே தாங்கும். புது டிஸ்க்கை மாட்டி நிரப்பப் பல மணி நேரம் ஆகும். அதுவரை மீதி மூன்றும் ஓயாமல் ஓடும். அப்போது இன்னொன்றும் போனால் எல்லாம் போச்சு. ரெய்டு 10, ரெய்டு 6 இரண்டிலும் 8 டெராபைட்தான். ரெய்டு 10 டிஸ்க்குகளை ஜோடி சேர்த்து, ஜோடியில் இரண்டிலும் ஒரே தகவலை எழுதும்; அது வேகமானது, ஆனால் ஒரே ஜோடியில் இரண்டும் பழுதானால் மீட்க முடியாது. ரெய்டு 6 எந்த இரண்டு போனாலும் தாங்கும். எழுதும் வேகம் குறைவு, சரி; ஒருமுறை எழுதிப் பலமுறை கேட்கிற பதிவுகளுக்கு அது பெரிய குறையில்லை. அதனால் இந்த முறைதான் என்று முடிவு செய்திருக்கிறோம்.

அப்புறம், யாராவது கைதவறி ஒரு பாட்டை அழித்தால் நாலு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். இடி விழுந்தால் நாலும் போகலாம். ஆகவே ஐந்தாவதாக ஒரு வெளி டிஸ்க்கும் வேண்டும்; அதில் வாராவாரம் நகலெடுத்து வேறு ஊரில் வைப்போம். கரண்ட் போனால் சமாளிக்க ஒரு யுபிஎஸ்ஸும் தேவை.

முடிந்தவர்கள் ஒரு டிஸ்க்கின் விலையை ஏற்றுக்கொள்ளுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து பங்கு போட்டாலும் சரி. கடைக்காரர் கொடுத்த விலைப்பட்டியலைப் படிப்பகப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். வாங்கியதும் பில்லையும் அங்கேயே ஒட்டுவோம். பழைய டிஸ்க் தருவதாகச் சிலர் அன்போடு சொன்னார்கள். ஓடித் தேய்ந்த டிஸ்க்கை நம்பி அந்தக் குரல்களை வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. பழைய மானிட்டர், கீபோர்டு இருந்தால் கொடுங்கள், பிள்ளைகளுக்கு ஆகும்.

ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வருகிறவர்கள் படிப்பகத்தில் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம்.