அந்தக் கட்டுக்குள் இருப்பவை படிக்கக்கூடிய கடிதங்கள்

எங்கள் குடும்பத் தாள்களைப் பொறுப்பேற்றுக் காத்துவரும் ஆவணக் காப்பகத்தாருக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் வாசிப்பறைக்கு வந்து வெறுங்கையோடு திரும்பியவள் எழுதுகிறேன். எந்தப் பெட்டி என்று உங்களுக்குத் தெரியும். பட்டியலில் அதற்கு ஒரே ஒரு வரிதான்: ‘இந்திய மொழிக் கடிதங்கள், ஒரு கட்டு, தேதி இல்லை, படிக்க இயலாதவை.’

தேதி இருக்கிறது, ஐயா. அந்தக் கட்டுக்குள் இருக்கும் ஒரு கடிதத்தைச் சிறு வயதில் என் பாட்டி, ஆயாவின் மடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கறுப்பு மை பழுப்பேறி, மடித்த இடம் நைந்து போயிருக்கும். தலையில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே ‘பிரமாதீச௵ கார்த்திகை௴ ௩௳’. கிறுக்கல் போலத் தெரிகிற அந்தச் சுழிகள் வருஷம், மாதம், தேதி என்பதற்கான குறிகள். ௩ என்பது மூன்று. பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய எந்தப் பெரியவரும் உடனே சொல்லிவிடுவார், அது 1913 நவம்பர் நடுவில் எழுதியது என்று.

அந்த நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் தலைக்கு ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலிக்கு முதல் வருஷச் சம்பளமே மாதம் 10 ஷில்லிங்தான். அந்த வரியை எதிர்த்து அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் கடற்கரைக் கரும்புத் தோட்டங்கள் வரை பரவியது. எதிர்ப்பைக் காட்டப் பக்கத்து டிரான்ஸ்வால் மாகாண எல்லையைத் தாண்டி நடந்தவர்களைப் பிடித்து ரயிலேற்றித் திருப்பிக் கொண்டுவந்தார்கள். சுரங்க வளாகங்களையே சிறையாக அறிவித்து, மறுபடி அதே குழிக்குள் இறக்கினார்கள். அந்தக் கடிதத்தை எழுதியவர் அங்கே நிலக்கரி வெட்டிக்கொண்டிருந்த என் பூட்டனாரின் தம்பி.

‘அண்ணா அவர்கள் பாதங்களுக்கு அநேக நமஸ்காரம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதியனுப்பக் கோருகிறேன்.’ எனக்கு மனப்பாடம் இவ்வளவுதான். ஆயா எப்போதும் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுவார். மிச்சத்தைக் கேட்டால், நீ பெரியவளானதும் படித்துக்கொள் என்பார். நான் பழைய எழுத்தைப் படிக்கக் கற்றுத் தேறுவதற்குள் அப்பா அந்தத் தகரப் பெட்டியை உங்களிடம் ஒப்படைத்துவிட்டார். நிறவெறி அரசு டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து எங்களை விரட்டியபோது ஆயா பாத்திரங்களை விட்டுவிட்டு சாட்ஸ்வொர்த்துக்குத் தூக்கி வந்த பெட்டி அது. வீட்டில் கரையானுக்குப் போவதைவிட உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் அப்பா கொடுத்தார். அது தவறென்று நான் இன்றும் நினைக்கவில்லை.

அந்த மாதத்தில், அந்த இடத்திலிருந்து, யாவரும் க்ஷேமம் என்று எழுதிய மனிதர் பக்கத்தைத் திருப்பி என்ன எழுதினார்? அதைப் படிக்கத்தான் வந்தேன்.

உங்கள் ஊழியர் மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. தனிக் கடிதம் பார்க்க அதன் எண் வேண்டும் என்றார். எண்ணைக் கேட்டேன். கடிதங்களை யாரும் படித்துப் பிரிக்காததால் எண் போடவில்லை என்றார். நானே படித்துப் பிரித்துத் தருகிறேன் என்றேன். படிக்கக் கொடுக்க எண் வேண்டும் என்றார். மூன்று மணி நேரம் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி, இந்தப் பக்கம் நான்.

தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்து அந்தக் கட்டைப் பிரித்துப் பட்டியலிடுங்கள். நான் கேட்பது இதைத்தான்.

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கிய 342 பேர் தொடங்கி, 1911 வரை வந்த 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறது. அதை இன்று கணினியில் தேடலாம். எங்கள் பிள்ளைகள் பூட்டன் எண்ணைக் கண்டுபிடித்து அழுவதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் அது அதிகாரி காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிவைத்த ஏடு. அந்த மனிதர்கள் தங்கள் வாயால் சொன்னது இருப்பது இந்தக் கடிதங்களில்தான். எண் பத்திரமாக இருக்கிறது, குரல் ‘படிக்க இயலாதது’ ஆகிவிட்டது. இதை எப்படிப் பொறுப்பது?

தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சாசனத்தின் 6-ஆம் பிரிவு மதித்துப் போற்றவேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அதே ஆண்டின் ஆவணக் காப்பகச் சட்டம், முன்பு புறக்கணிக்கப்பட்ட வாழ்க்கைகளை ஆவணப்படுத்தும் தேவையைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. என் பூட்டனாரின் தம்பி வாழ்ந்ததைவிடப் புறக்கணிக்கப்பட்ட வாழ்க்கை வேறெது? எங்கள் பக்கமும் குற்றம் உண்டு. தேர் அலங்காரத்துக்கு அள்ளிக் கொடுக்கிறோம், தாத்தா எழுதிய தாளைக் குப்பையோடு தூக்கி எறிகிறோம். கொடுக்க வேண்டுமென்று நினைத்துக் கொடுத்த சிலரையும் நீங்கள் இப்படி நடத்தினால், அடுத்து யார் கொடுப்பார்கள்?

2021 ஏப்ரலில் மலைத்தீ கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகத்துக்குள் புகுந்ததை எல்லோரும் பார்த்தோம். உங்கள் கட்டடத்துக்கு அப்படி எதுவும் நேரக் கூடாது என்று மாரியம்மனை வேண்டுகிறேன். நேர்ந்தால், போனவை எந்தக் கடிதங்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. ‘ஒரு கட்டு’ போயிற்று என்பீர்கள்.

கோபத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் திருப்பிக் கேட்கவில்லை, பணமும் கேட்கவில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்து அந்தக் கட்டைப் பிரித்துப் பட்டியலிடுங்கள். உங்களிடம் அப்படி ஆள் இல்லையென்றால் என்னை அனுமதியுங்கள். புள்ளி வைக்காமல், சொல்லுக்குச் சொல் இடம் விடாமல், பழைய ‘லை’, ‘னை’ போட்டு எழுதிய கையெழுத்தை இருபது வருஷமாகப் படித்து வருகிறேன். கோயில் பள்ளியில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது.

செவ்வாயும் வியாழனும் எனக்கு வகுப்பில்லை. உங்கள் ஊழியர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளட்டும். அங்கே பேனாவுக்கு அனுமதியில்லை என்பதும் தெரியும், பென்சிலோடு வருகிறேன். தயவுசெய்து ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தமிழாசிரியை