நீங்களே ஓவர்கிளாக் செய்து விற்ற கணினிக்கு "ஓவர்கிளாக் செய்ததால் வாரண்டி இல்லை" என்று மறுத்தது பற்றிய புகார்

அனுப்புநர்:
விற்பனைச் சீட்டில் கண்ட வாடிக்கையாளர்,
மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
(கணினியை அசெம்பிள் செய்து விற்ற நிறுவனம்),
சென்னை.

நாள்: 12.06.2023

பொருள்: ஐ5-12600கே கணினி – தவறான ஓவர்கிளாக் (பிராசசரை நிர்ணய வேகத்துக்கு மேல் ஓட்டும்) அமைப்பால் பிராசசர் பழுது – 05.06.2023 வாரண்டி மறுப்பை ரத்து செய்து புதிய பிராசசர் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

21.01.2023 அன்று உங்களிடம் வாங்கிய கணினியில் இன்டெல் கோர் ஐ5-12600கே பிராசசர், இசட்690 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்4-3600 ரேம், 240 மில்லிமீட்டர் லிக்விட் கூலர் ஆகியவை உள்ளன. விற்பனைச் சீட்டின் ஏழாவது வரியில் "ஓவர்கிளாக் அமைப்பும் சோதனையும் – எல்லா பி-கோர்களும் 5.1 கிகாஹெர்ட்ஸ்" என்று எழுதி (பி-கோர் என்பது பிராசசரின் வேகமான முதன்மைக் கோர்), அதற்குத் தனியாக ரூ. 4,500 வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் சேவை மையம் 05.06.2023 அன்று தந்த பதிலோ, "பிராசசர் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இயக்கப்பட்டுள்ளதால் வாரண்டி பொருந்தாது" என்கிறது. அப்படி இயக்கியது நீங்கள். பயாஸை (இந்த அமைப்புகளை வைக்கும் அடிப்படை மென்பொருளை) உங்கள் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டித்தான் கணினியைக் கொடுத்தீர்கள். 27.05.2023 அன்று உங்கள் தொழில்நுட்பப் பணியாளர் நேரில் வந்து திறக்கும்வரை உள்ளே என்ன மதிப்புகள் இருக்கின்றன என்று பார்க்கக்கூட வழியில்லை.

பழுதின் வரலாறு விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் தேதி வாரியாகப் பதிவாகியிருக்கிறது. மார்ச் கடைசி வாரத்தில் முதலில் வந்தவை டபிள்யூஎச்இஏ-லாகர் 19 பதிவுகள். பிராசசர் தனக்குள் நேர்ந்த பிழையைத் தானே திருத்திக்கொண்டது என்பது அதன் பொருள். பிழை வகை "கேஷ் ஹையரார்க்கி", அதாவது பிராசசருக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்தில் பிழை. வெளியே எதுவும் தெரியாது, வேலை நடந்துகொண்டே இருக்கும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் 18-ஆம் எண் பதிவுகள் தொடங்கின. இது திருத்த முடியாத பிழை. நீலத்திரையில் 0x124 என்ற குறியீட்டோடு கணினி நின்று மறுபடி தொடங்கும். மே மாதத்தில், 4கே காணொளியை எச்.265 என்ற சுருக்க வடிவத்துக்கு மாற்றும் வேலையைப் பிற்பகலில் கொடுத்தால் மூன்றில் இரண்டு முறை பாதியிலேயே நின்றது. இரவில் கொடுத்தால் பெரும்பாலும் முடிந்தது. இந்த வேறுபாட்டைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் அதில்தான் இருக்கிறது.

தொலைபேசியில் உங்கள் ஊழியர் சொன்னபடி விண்டோஸை அழித்து மறுபடி நிறுவியாயிற்று. ரேம் சோதனை மென்பொருளான மெம்டெஸ்ட்86-ல் நான்கு சுற்றும் ஒரு பிழைகூட இல்லை, ஆகவே ரேம் மீது பழி போட முடியாது. வேறொரு 750 வாட் பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தும் அதே பிழை. எஞ்சியது பிராசசரும் அதற்கு நீங்கள் வைத்த அமைப்பும்தான்.

உங்கள் பணியாளர் பயாஸைத் திறந்தபோது கண்ட மதிப்புகள் இவை. பி-கோர் பெருக்கம் (100 மெகாஹெர்ட்ஸை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) 51, எல்லாக் கோர்களுக்கும். கோர் வோல்டேஜ் "ஓவர்ரைடு" முறையில் நிலையாக 1.42 வோல்ட். லோடு லைன் காலிபரேஷன் (சுமையில் வோல்டேஜ் தாழ்வதை ஈடுசெய்யும் அமைப்பு) மிக உயர்ந்த படியில். ரிங் (கோர்களையும் கேஷையும் இணைக்கும் பாதை) பெருக்கம் 45. பவர் லிமிட் 1, 2 இரண்டும் 4096 வாட், அதாவது வரம்பே இல்லை. சி-ஸ்டேட்கள் (வேலையில்லாதபோது மின்சாரம் சேமிக்கும் நிலைகள்) அணைக்கப்பட்டுள்ளன. ஏவிஎக்ஸ் ஆஃப்செட் (ஏவிஎக்ஸ் என்ற கனமான கணக்கு வேலையில் வேகத்தைக் குறைக்கும் அளவு) 0. ஒவ்வொன்றையும் அவர் முன்னிலையிலேயே படம் எடுத்து இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன்.

இந்த பிராசசரை இயல்பு நிலையில் விட்டால் பி-கோர்கள் எல்லாம் சேர்ந்து ஓடும்போது 4.5 கிகாஹெர்ட்ஸ் வரும். இந்தக் கணினியில் அப்போது கோர் வோல்டேஜ் 1.22. சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனையில் அது இழுப்பது 125 வாட். மின்செலவு வேகத்தோடு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 1.42-ன் வர்க்கத்தை 1.22-ன் வர்க்கத்தால் வகுத்தால் 1.35. வேகம் 5.1-க்கு 4.5 என்றால் 1.13. பெருக்கினால் 1.53. ஆக, 13 சதவீதம் வேகத்துக்காக 53 சதவீதம் கூடுதல் வெப்பத்தை அந்தச் சிறிய சிலிக்கான் துண்டின் மீது ஏற்றியிருக்கிறீர்கள்: 125 வாட் 192 வாட் ஆகிவிட்டது.

இனி உங்கள் சோதனைச் சான்றுக்கு வருகிறேன். நாள் 19.01.2023. சோதனை: சினிபெஞ்ச் ஆர்23, 10 நிமிடம். அறை வெப்பம் 24 டிகிரி. பிராசசரின் உச்ச வெப்பம் 88 டிகிரி. முடிவு: "தேர்ச்சி". ஒரே கூலர், ஒரே வாட் என்றால் அறை வெப்பத்துக்கு மேல் பிராசசர் ஏறும் அளவு ஏறத்தாழ மாறாது. 88-லிருந்து 24-ஐக் கழித்தால் 64. மதுரையில் மே மாதப் பிற்பகலில் ஏசி இல்லாத அறை 36 டிகிரிக்குக் குறையாது. 36-உடன் 64-ஐக் கூட்டுங்கள்: சரியாக 100 டிகிரி. இந்த பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் வரம்பும் அதே 100 டிகிரிதான். உங்கள் சான்றில் இருந்த எண்களே போதும், கோடையில் இது தாங்காது என்று ஜனவரியிலேயே சொல்லியிருக்கலாம். சான்றில் ஒட்டிய படத்தில் கேபினெட்டின் பக்கக் கண்ணாடி கழற்றி வைக்கப்பட்டிருப்பதும் தெரிகிறது. மூடிய கேபினெட்டில், கிராபிக்ஸ் கார்டின் வெப்பமும் சேரும்போது, அந்த 64 இன்னும் கூடும்.

100 டிகிரியில் பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டால் பாதுகாப்புத்தானே என்று உங்கள் பணியாளர் கேட்டார். அடாப்டிவ் முறையில் வைத்திருந்தால் அவர் சொன்னது ஓரளவு சரி, ஏனென்றால் வேகம் இறங்கும்போது வோல்டேஜும் கூடவே இறங்கும். நீங்கள் வைத்தது நிலையான 1.42. வேகம் 4.3-க்கு இறங்கினாலும் வோல்டேஜ் அங்கேயே நிற்கிறது. அதனால் வெப்பம் போதுமான அளவு குறையாமல் வேகம் மேலும் மேலும் இறங்குகிறது. விளைவை உங்கள் பணியாளரே பார்த்தார்: ஒரே காணொளி, ஒரே அறை; இயல்பு நிலையில் 31 நிமிடத்தில் முடிந்த வேலை, உங்கள் "5.1 கிகாஹெர்ட்ஸ்" அமைப்பில் இரண்டு முறை நின்றுபோய், மூன்றாவது முயற்சியில் 34 நிமிடம் எடுத்தது. பணம் கொடுத்து வாங்கிய வேகம், பணமே கொடுக்காத வேகத்தைவிடக் குறைவு.

லோடு லைன் காலிபரேஷனை உச்சப்படியில் வைத்தது அடுத்த தவறு. சுமை ஏறும்போது வோல்டேஜ் சற்றுத் தாழ்வது குறையல்ல, அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தாழ்வை முழுவதும் அடக்கிவிட்டால், சுமை சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் வைத்த அளவையும் தாண்டி ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்குத் துள்ளும். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கண்காணிப்பு மென்பொருளில் அது தெரியாது, ஆசிலோஸ்கோப்பில்தான் தெரியும். காணொளி வேலையில் சுமை ஏறுவதும் இறங்குவதும் ஓயாமல் நடக்கும். ரிங் பெருக்கத்தை 45-ல் பூட்டியதும் இதே வகைதான். ஈ-கோர்கள் (மின்சாரம் சேமிக்கும் சிறு கோர்கள்) வேலை செய்யும்போது ரிங் வேகம் தானாகத் தாழ்வதே 12-ஆம் தலைமுறையின் இயல்பு. அதைத் தடுத்ததோடு "கேஷ் ஹையரார்க்கி" பிழைகளைப் பொருத்திப் பாருங்கள்.

கூலரைப் பற்றி ஒன்று. 27.05.2023 அன்று அதைக் கழற்றியபோது, பிராசசருக்கும் கூலருக்கும் இடையிலுள்ள வெப்பக் கடத்திப் பேஸ்ட் நடுவில் தடிப்பாகவே இருந்தது, அழுந்தவில்லை. காரணம் உடனே தெரிந்தது. போடப்பட்டிருந்தது எல்ஜிஏ1200 சாக்கெட்டுக்கான பழைய பொருத்தும் கிட். அதன் துளை இடைவெளி 75 மில்லிமீட்டர். இந்த பிராசசரின் சாக்கெட்டான எல்ஜிஏ1700-க்கு 78 மில்லிமீட்டர். உங்கள் மதர்போர்டில் இரண்டு வகைத் துளைகளும் இருப்பதால் பழையது மாட்டிக்கொண்டது. ஆனால் எல்ஜிஏ1700-ல் பிராசசரின் உயரம் குறைவு, ஆகவே பழைய கிட்டில் அழுத்தம் போதாது. கூலர் பெட்டிக்குள் சரியான கிட் பிரிக்கப்படாமலே கிடந்தது. அதை மாட்டிப் புது பேஸ்ட் வைத்ததும், இயல்பு நிலையில் 77 டிகிரி காட்டியது 70-க்கு இறங்கியது. பெட்டியைத் திறந்து பார்க்கும் பொறுமைகூட இல்லாமல் போனதே என்பதுதான் இதில் அதிகம் வருந்த வைக்கிறது.

இப்போதைய நிலை: பயாஸை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்து, பவர் லிமிட் 150 வாட் என்று வைத்து, 70 டிகிரியில் ஓடும்போதும் 19-ஆம் எண் பிழைகள் வருகின்றன. கோர் வோல்டேஜில் 0.04 வோல்ட் கூட்டினால் நிற்கின்றன. கூட்டாவிட்டால் வருகின்றன. இது தேய்மானத்தின் தெளிவான அடையாளம். அதிக வோல்டேஜ், அதிக மின்னோட்டம், அதிக வெப்பம் மூன்றும் மாதக்கணக்கில் சேர்ந்தால், அதே வேகத்துக்கு முன்பைவிடக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும் நிலைக்கு பிராசசர் வந்துவிடும். அதன்பின் திரும்ப வழியில்லை. "சிமாஸ் க்ளியர் செய்து டீஃபால்ட்டில் பயன்படுத்துங்கள்" என்று, அதாவது பயாஸ் அமைப்புகளை அழித்து இயல்பு நிலையில் ஓட்டும்படி, உங்கள் சேவை மையம் சொன்ன தீர்வு அதனால்தான் தீர்வாகாது.

ஓவர்கிளாக்கே தவறு என்பது என் வாதமல்ல. கே வகை பிராசசரும் இசட் சிப்செட்டும் அதற்காகவே விற்கப்படுகின்றன. ஒழுங்காகச் செய்தால் ஆண்டுக்கணக்கில் ஓடும். முதலில் கூலரைச் சரியாக மாட்டி, இயல்பு நிலையில் வெப்பத்தையும் வோல்டேஜையும் குறித்துக்கொள்ள வேண்டும். வோல்டேஜை அடாப்டிவில் வைத்து, லோடு லைனை நடுப்படியில் விட்டு, ரிங்கையும் சி-ஸ்டேட்களையும் தொடாமல், பெருக்கத்தை 46, 47 என்று ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் சுமை. பிழை வந்தால் 10 முதல் 20 மில்லிவோல்ட் கூட்டல். அடுத்த படிக்கு வோல்டேஜ் திடீரென்று அதிகம் கேட்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இந்த பிராசசர் 4.8-க்கு 1.27 வோல்டில் நின்றிருக்கலாம், 5.1 வேண்டுமென்றால் இரண்டு கோர்கள் மட்டும் ஓடும் நேரத்துக்கு அதை ஒதுக்கியிருக்கலாம். பவர் லிமிட்டை கூலர் தாங்கும் அளவில், 36 டிகிரி அறையைக் கணக்கில் கொண்டு, 150 வாட் அருகே கட்டியிருக்க வேண்டும். கடைசியில் பிரைம்95 என்ற சுமைச் சோதனை மென்பொருளில் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனை ஏவிஎக்ஸ்2-உடன் ஒரு மணி நேரம், பிறகு பிளெண்ட் சோதனை ஓர் இரவு முழுக்க, முடிந்ததும் ஈவென்ட் வியூவரில் 19-ஆம் எண் இருக்கிறதா என்ற பார்வை. 10 நிமிட சினிபெஞ்ச் மதிப்பெண் காட்டும், நிலைத்தன்மையைக் காட்டாது. ரூ. 4,500 வாங்கியது இந்த வேலைக்குத்தான்.

வாரண்டி பற்றி. அளவுக்கு மேல் இயக்கியதால் வரும் பழுதை இன்டெலின் மூன்றாண்டு வாரண்டி ஏற்பதில்லை. முன்பு தனிக்கட்டணத்தில் அதற்கென்று ஒரு பாதுகாப்புத் திட்டம் இருந்தது. 2021-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். இது தெரிந்தேதான் நீங்கள் ஓவர்கிளாக்கை ஒரு சேவையாக விற்கிறீர்கள். ஆகவே அதன் பொறுப்பு உங்களுடையது. பணம் வாங்கிச் செய்த வேலையையே காரணம் காட்டி வாரண்டியை மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி சேவைக் குறைபாடு. இந்தக் கணினி சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கப்பட்டது. அதனால் "வணிக நோக்கம்" என்ற விலக்கும் பொருந்தாது.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் புதிய ஐ5-12600கே பிராசசரை, உடைக்காத பெட்டியில், உங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். ஓவர்கிளாக் கட்டணம் ரூ. 4,500-ஐத் திருப்பித் தர வேண்டும். பயாஸ் பாஸ்வேர்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். 05.06.2023 மறுப்பு ரத்து என்பதையும், மாற்றிய பிராசசருக்கு வாங்கிய நாளிலிருந்து மூன்றாண்டு வாரண்டியை நீங்களே ஏற்பதையும் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். மறு ஓவர்கிளாக் வேண்டாம். கணினி இயல்பு நிலையில் இருக்கட்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். சான்றின் மேல்முனையில் "புரொஃபைல் 3" என்று அச்சாகியிருக்கிறது. உங்கள் பணியாளரிடம் கேட்டதில், எல்லா 12600கே கணினிகளுக்கும் பென் டிரைவிலிருந்து ஏற்றுவது அந்த ஒரே புரொஃபைலைத்தான் என்றார். ஒரு பிராசசர் போல இன்னொன்று இருக்காது, ஒன்று 1.30-ல் நிற்கும், ஒன்றுக்கு 1.40 போதாது. எல்லாவற்றுக்கும் போதும்படி 1.42 என்று வைத்துவிட்டீர்கள் போலும். அதே புரொஃபைலோடு கணினி வாங்கிய மற்றவர்களுக்கு, அவர்கள் பிராசசரும் தேய்வதற்கு முன், தொலைபேசியில் அழைத்துப் பெருக்கத்தையும் வோல்டேஜையும் இறக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டையும் கொடுங்கள். இது கோடையிலேயே நடக்க வேண்டிய வேலை, ஏற்கெனவே தாமதம்.

கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்து, மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். விற்பனைச் சீட்டு, சோதனைச் சான்று, பயாஸ் படங்கள், ஈவென்ட் வியூவர் பதிவு, உங்கள் பணியாளர் கையெழுத்திட்ட 27.05.2023 பார்வை அறிக்கை ஆகியவற்றின் நகல்கள் இத்துடன் உள்ளன. பழைய எல்ஜிஏ1200 கிட்டும் பத்திரமாக இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் ஆள் அனுப்பலாம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
விற்பனைச் சீட்டில் கண்ட வாடிக்கையாளர்
மதுரை